ஏழாம் கேள்விக்குப் பூச்சியம்

இறையியல் கல்லூரியிலிருந்து வந்த படிவத்தில் பன்னிரண்டு கேள்விகள் இருந்தன. இரண்டு தாள்கள். மூன்று பக்கங்களில் அச்சு, நாலாவது பக்கம் வெறுமை. போதகராவதற்குப் படிக்கும் மாணவி ஒருத்தியைக் கடைசி வருடப் பயிற்சிக்காக எங்கள் சபைக்கு அனுப்பியிருந்தார்கள். அவளுக்கு ஆன்மிகத் துணைவராக இருந்து, வாரம் ஒருமுறை பேசி, மாதம் ஒருமுறை அந்தப் படிவத்தை நிரப்பி அனுப்புவது என் வேலை. சபையில் என்னைவிடப் பக்தியுள்ளவர்கள் குறைந்தது ஆறு பேர் இருக்கிறார்கள். ஆனாலும் போதகர் என்னைத்தான் கேட்டார்.

"நீங்கள்தான் ஒண்டும் விடாமல் எழுதுவீங்கள்" என்றார்.

அதை நான் புகழ்ச்சியாக எடுத்துக்கொண்டேன்.

முப்பத்தாறு வருடம் திருகோணமலைத் துறைமுகத்தில் கிளாக்கராக இருந்தவன் நான். கப்பலிலிருந்து கரைக்கு இறங்கும் மூட்டைகளை எண்ணி எழுதுவது என் தொழில். நாலு கோடு போட்டு, ஐந்தாவதை அவற்றுக்குக் குறுக்கே இழுத்துக் கட்டுவோம். ஓய்வு பெற்றுப் பதினாறு வருடமாகியும் கை நிற்கவில்லை. பிரசங்கம் எத்தனை நிமிடம், சேர்ச்சில் எத்தனை மின்குமிழ் எரியவில்லை, காலையில் வாசற்படலைக்கு வெளியே, ஊருக்குள் திரியும் மான்களில் எத்தனை நின்று என் செவ்வரத்தைச் செடியைத் தின்றன, எல்லாவற்றுக்கும் சட்டைப்பையில் கோடு இருக்கும். எண்ணாவிட்டால் ஏதோ களவு போகிறது போல நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

மாணவிக்கு முப்பத்தொரு வயது. வெருகல் பக்கத்துக் கடற்கரைக் குடும்பம். கல்லூரிக்குப் போகுமுன் ஏழு வருடம் ஆடைத் தொழிற்சாலையில் தைத்தவள். சேர்ச் மண்டபத்தின் இரண்டு கதவுகளையும் திறந்து வைத்து, நடுவில் மேசை போட்டு எங்களை இருத்தினார் போதகர். முதல் நாள் நான் பன்னிரண்டு கேள்விகளையும் வரிசையாகக் கேட்டேன். காலை தியானம் எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், கோபம் வருமா, வந்தால் எத்தனை நாள் நிற்கும் என்று.

ஆறாவது கேள்வியில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஐயா, நீங்கள் டொக்டர் மாதிரிக் கேக்கிறீங்கள். இனி நாக்கை நீட்டச் சொல்லுவீங்கள் போல."

"படிவத்தில இருக்கிறதைத்தான் கேக்கிறன் பிள்ளை."

"கேளுங்கோ, கேளுங்கோ. ஃபக்டரியிலயும் மணித்தியாலத்துக்கு ஒருக்கா வந்து எண்ணிக்கொண்டுதான் போறவை. எனக்குப் பழக்கம்."

செவ்வாய்க்கிழமைகளில் நோயாளர் வீடுகளுக்குப் போவோம். ஐந்து வீடுகள். ஒரே ஓட்டோ, அதே சாரதி. துணைவர் வீட்டுக்குள் போகக் கூடாது, மாணவி தனியாகப் போய்வந்த பின் விசாரிக்க வேண்டும் என்பது கல்லூரியின் ஒழுங்கு. ஆகவே அவள் உள்ளே போவாள், நான் ஓட்டோவுக்குள் குடையைப் பிடித்துக்கொண்டு இருப்பேன். மழை வருமோ, பிரஷர்க் குளிசை போட்டேனோ, இந்த ஓட்டோவுக்குப் பிரேக் சரியோ என்று யோசித்துக்கொண்டிருப்பேன். உள்துறைமுகத்து வளைவில் மட்டும் ஒவ்வொரு முறையும் ஓட்டோவை நிறுத்தச் சொல்லி, இறங்கி நின்று கடலைப் பார்ப்பாள். இரண்டு நிமிடம், சில நாள் மூன்று.

"கடல் எங்கையும் போகாது, பிள்ளை. நேரம் போகுது" என்பேன்.

"ஓம் ஐயா, வந்திட்டன்" என்பாள். வரமாட்டாள்.

படிவத்தின் ஏழாம் கேள்வி இது: நோயாளரைச் சந்தித்தபோது அவர்களோடு ஜெபித்த தடவைகள் எத்தனை? முதல் நாலு வீடுகளிலும் குறையில்லை. ஐந்தாவது வீடு பாலையூற்றில் இருந்தது. பாரிசவாதத்தால் வலப்பக்கம் விழுந்துபோன மனிதர் ஒருவர், அவருடைய மனைவி, இரண்டு பேர்தான் அங்கே. அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினவர். அவர் தூக்குவார், நான் எண்ணுவேன். பத்தொன்பது வருடம் அப்படி.

அந்த வீட்டிலிருந்து அவள் முதல்முறை வெளியே வந்தபோது முப்பத்தைந்து நிமிடமாகியிருந்தது.

"ஜெபம் பண்ணினீங்களோ?"

"இல்லை, ஐயா."

"நேரம் காணாமல் போச்சோ?"

"நேரம் இருந்தது."

"பிறகென்ன?"

அவள் ஓட்டோவில் ஏறி இருந்தாள். நான் என் குறிப்புத் தாளில் ஏழாம் கேள்விக்கு நேரே அந்த வீட்டுக்குப் பூச்சியம் போட்டேன்.

அடுத்த கிழமையும் பூச்சியம். அதற்கடுத்த கிழமையும். நான் புத்தி சொன்னேன். நோயாளியின் வீட்டுக்குப் போய் ஜெபிக்காமல் வருவது, கப்பலுக்குப் போய் மூட்டை இறக்காமல் வருவது போல என்றேன். "ஓம் ஐயா" என்று கேட்டுக்கொண்டாள். பிறகும் பூச்சியம்தான். அவள் நினைத்திருந்தால் ஜெபித்தேன் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஓட்டோவுக்குள் இருந்த எனக்கு எப்படித் தெரியப்போகிறது? ஒருநாளும் சொல்லவில்லை. மூன்றாம் கேள்வி உண்மை பேசுவதைப் பற்றியது. அதற்கு அவளுக்கு நான் ஐந்துக்கு மூன்றுதான் கொடுத்திருந்தேன். ஐந்தை நான் ஒருவருக்கும் கொடுப்பதில்லை.

ஆறு மாதத்தில் இருபத்துமூன்று சந்திப்புகள். ஐந்து வீடுகளுக்கும் சேர்த்து மொத்தத் தொகையை மட்டும் எழுதினால் போதும் என்றுதான் ஆறாம் மாதப் படிவமும் சொன்னது. மற்ற வீடுகளின் ஜெபங்களுக்குள் இந்தப் பூச்சியம் ஒருவருக்கும் தெரியாமல் கரைந்து போயிருக்கும். எனக்கு மனம் கேட்கவில்லை. கீழே தனியாக ஒரு வரி எழுதினேன். "பாலையூற்று வீடு: சந்திப்பு 23, ஜெபம் 0." அடியில் ஒரு கோடும் இழுத்தேன்.

பதினொரு நாளில் கல்லூரியிலிருந்து பதில் வந்தது. எனக்கு ஒரு பிரதி, அவளுக்கு ஒன்று. நாலு வரிதான். நோயாளியோடு ஜெபிக்காத ஒருவரைப் போதகராக அபிஷேகம் செய்யப் பரிந்துரைக்க முடியுமா என்பது பற்றி நேரில் விசாரிக்க, இரண்டு விரிவுரையாளர்கள் வருகிறார்கள். அதுவரை பரிந்துரை நிறுத்தி வைக்கப்படுகிறது.

அவள் கடிதத்தை நாலாக மடித்தாள், விரித்தாள், திரும்பவும் மடித்தாள். வெருகலில் அவளுடைய தாய், மகள் பாஸ்டரம்மாவாகப் போகிறாள் என்று மீன் வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லியிருந்தார். அது எனக்குத் தெரியும். தகப்பனுக்கு விருப்பமில்லை. ஒரு வருடமாக மகளோடு கதையில்லை. அதுவும் தெரியும். நாலாம் மாதப் படிவத்தில் எழுதியிருந்தேன்.

"நீங்கள் எழுதினது சரிதான், ஐயா" என்றாள். "நான் ஜெபம் பண்ணேல்லைத்தானே."

"ஏன் எண்டாவது சொல்லுங்கோவன். அவை வந்து கேக்கேக்க நான் என்னத்தைச் சொல்லுறது?"

"அது என்ர கதை இல்லை. அந்த வீட்டுக் கதை."

"திருப்பி அனுப்பிவிட்டால் என்ன செய்வீங்கள்?"

"தைக்கத் தெரியும்" என்றாள். சிரிக்கப் பார்த்தாள், ஏலவில்லை.

அடுத்த நாள் காலை நான் தனியாகப் பாலையூற்றுக்குப் போனேன். படலையில் நின்று மூன்றுதரம் திரும்பிப் போகப் பார்த்தேன். மனைவி கிளினிக்கில் மருந்து எடுக்கப் போயிருந்தார். கிரேன்காரர் சன்னலுக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தார். வலக்கை மடியில் கிடந்தது. பேச்சு வரும், ஆனால் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகத் தூக்கிக்கொண்டு வரவேண்டியிருந்தது.

"என்ன கிளாக்கர்… எண்ண வந்தனீரோ?"

நான் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். ஏழாம் கேள்வியைச் சொன்னேன், என் பூச்சியங்களைச் சொன்னேன். அவர் பாதி வாயால் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"நான் விழுந்த பிறகு… எத்தினை ஜெபக் கூட்டம் வந்தது? உமக்குத் தெரிஞ்சிருக்கும்."

எனக்குத் தெரியாது. எங்கள் சபையின் ஆண்கள் ஐக்கியத்தோடு நானும் போனது மட்டும் தெரியும்.

"ஒன்பது. தலையில கை வைச்சு… எழும்பு, எழும்பு எண்டு. நான் எழும்பேல்லை. அவை தேத்தண்ணி குடிச்சிட்டுப் போயிடுவினம். பிறகு மனுசி என்னைப் பாப்பா. ஒண்டும் சொல்லமாட்டா. விசுவாசம் காணாதோ எண்டு… பாப்பா. ஒன்பது தரமும் நான்தான் ஃபெயில்."

நான் சன்னலைப் பார்த்தேன்.

"உம்மட ஜெபம்தான் நீளம்" என்றார்.

பதினெட்டு நிமிடம். ஆமென் சொன்னதும் நான் மணிக்கூட்டைப் பார்த்திருந்தேன். திருப்தியாக இருந்தது. அந்த நேரம் அவருடைய முகத்தைப் பார்த்தேனா என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை.

"இந்தப் பிள்ளை முதல் நாள் கேட்டது. ஜெபிக்கட்டோ ஐயா எண்டு. அதுக்கு முன்னம் ஒருத்தரும் கேக்கேல்லை. வேண்டாம் எண்டனான். அடுத்த கிழமையும் கேட்டது. வேண்டாம். சரி, இனி வராது எண்டு நினைச்சன். கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு… இருந்திட்டுது."

"இருந்து என்ன செய்யிறது?"

"கப்பல் சொல்லும்."

எனக்கு விளங்கவில்லை.

"துறைமுகத்தில என்ன நிக்குது, என்ன நிறம், கிரேன் ஆடுதோ, தண்ணி எப்பிடிக் கிடக்கு எண்டு. ஒரு இழவும் தெரியாது அதுக்கு. ஒருநாள் விளக்குக் கம்பத்தைக் கிரேன் எண்டு சொல்லிச்சு. நான் திருத்துவன். திருத்தித் திருத்தித்தான்… இவ்வளவு கதை வந்தது. முந்தி நீர் வரேக்க எனக்கு ஊமைப் பேச்செல்லோ."

உள்துறைமுகத்து வளைவில் அவள் இறங்கி நின்ற இரண்டு நிமிடங்களை, மூன்று நிமிடங்களை, நான் வீண்போன நேரம் என்று தனியாகக் கூட்டி வைத்திருந்தேன்.

"ஏன் இதை அது எனக்குச் சொல்லேல்லை?"

"நான்தான் சொல்லாதை எண்டனான். கதவைச் சாத்தினால் ஜெபம் எண்டு மனுசி நினைக்கிறா. அந்த நேரம் அவ குசினியில, அடுப்படியில முழங்கால் போட்டு இருப்பா. பிள்ளை கதவால வெளியில வரேக்க அவவின்ர முகத்தில வாற நம்பிக்கையைப் பாக்கோணும் நீர்… அதை எப்பிடி உடைக்கிறது?"

துறைமுகத்தில் ஒரு சரக்குக்கு இரண்டு கணக்கு உண்டு. கப்பலில் ஒருவர் எண்ணுவார், கரையில் ஒருவர் எண்ணுவார். மாலையில் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து, ஒத்து வந்தால்தான் கையெழுத்து. முப்பத்தாறு வருடத்தில் ஒருநாளாவது நான் கரைக் கணக்கை மட்டும் வைத்துக் கையெழுத்துப் போட்டதில்லை. அவளுடைய விஷயத்தில் அதைத்தான் செய்திருந்தேன்.

"உம்மட பேர் வராமல் நான் ஒரு கடிதம் எழுதிறன்" என்றேன்.

"அஞ்சு வீடுதானே கிளாக்கர்? பேரில்லாமல் எப்பிடி எழுதுவீர்?" அவர் கனநேரம் யோசித்தார். "அவையை இஞ்ச கூட்டிக்கொண்டு வாரும்."

நான் போனதை அறிந்து அவள் கோபித்தாள். அவளுக்குக் கோபம் வந்து நான் கண்டது அந்த ஒரு தடவைதான்.

"ஏன் போனீங்கள், ஐயா? என்னைக் காப்பாத்திறதுக்கு அவர் மனுசிக்கு முன்னால குற்றவாளி மாதிரி நிக்கோணுமோ?"

"நீங்கள் ஒண்டும் சொல்லேல்லைப் பிள்ளை. அவர்தான் சொன்னவர்."

"நீங்கள் கேட்டபடியால்தானே சொன்னவர்."

அந்தக் கிழமை நான் படிவத்தை வெளியே எடுக்கவில்லை. மண்டபத்தில் இரண்டு கதவுகளுக்கும் நடுவில் இருபது நிமிடம் சும்மா இருந்தோம். வீட்டுக்குப் போய்ப் படிவத்தின் நாலாவது பக்கத்தில், வெறுமையாக விட்டிருந்த பக்கத்தில், எழுதினேன். நாலு தாள் கிழித்தேன். கடைசியில் எழுதியது ஐந்து வரி. நான் எழுதிய எண் பிழையில்லை, எழுதியவன் கதவுக்கு வெளியே இருந்தவன், காரணம் கேட்டு அறிய வேண்டிய வேலையை அவன் செய்யவில்லை என்று.

வந்த இரண்டு பேரில் ஒருவர் நரைத்த தலையோடு ஒரு பெண் விரிவுரையாளர். மற்றவர் இளம் விரிவுரையாளர். பாலையூற்று வீட்டில் நாலு கதிரைகள் இருந்தன. நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மனைவி தேத்தண்ணித் தட்டோடு வந்து, வைத்துவிட்டுத் திரும்பப் போனார்.

"நீயும் இரு" என்றார் கிரேன்காரர்.

அவர் எல்லாவற்றையும் பேசி முடிக்கப் பதினொரு நிமிடமானது. ஒருதரம் ஒரு சொல் வராமல் அவர் தத்தளித்தபோது, இளம் விரிவுரையாளர் அதை எடுத்துக் கொடுக்க வாய் திறந்தார். மாணவி கையை லேசாக உயர்த்தினாள். அவர் மூடிக்கொண்டார். எல்லோரும் காத்திருந்தோம். சொல் வந்தது.

மனைவி கேட்டுக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. முடிந்ததும் சேலைத் தலைப்பால் மேசையில் சிந்திய தேத்தண்ணியைத் துடைத்தார்.

"எனக்காவது சொல்லியிருக்கலாமே, அப்பா" என்றார் கணவரிடம்.

"உனக்குத்தான்… சொல்ல ஏலாமல் இருந்தது."

"நான் எப்ப உங்களை அப்பிடிப் பாத்தனான்?"

"பாத்தனீ."

மனைவி மறுக்கவில்லை. இளம் விரிவுரையாளர் பழக்கதோஷத்தில் எழுந்து, கண்ணை மூடி, கைகளைக் கோத்துவிட்டார். நரைத்த தலைக்காரர் அவருடைய முழங்கையைத் தொட்டார்.

"ஜெபிக்கலாமோ, ஐயா?" என்று அவர் கிரேன்காரரைக் கேட்டார்.

"இண்டைக்கு வேண்டாம்."

"நான் குசினியில பண்ணுறன்" என்றார் மனைவி, தட்டை எடுத்துக்கொண்டு. "அது உங்களுக்குக் கேக்காது."

"கேக்கும். சத்தத்தைக் குறைச்சுப் பண்ணு."

மாணவிதான் முதலில் சிரித்தாள். பிறகு அந்த அம்மாவும். கண் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

பிறகு சேர்ச் மண்டபத்தில் விசாரணை நடந்தது. நரைத்த தலைக்காரர் மாணவியைக் கேட்டார், ஒருவர் வேண்டாம் என்றால் நீ அவருக்காக ஜெபிக்கவே மாட்டாயா என்று.

"ஜெபிக்கிறனான், மிஸ். ஓட்டோவில போகேக்க முழுக்க அதுதான். அவருக்கு முன்னால பண்ணேல்லை, அவ்வளவுதான்."

ஓட்டோவில் அவளுடைய மௌனத்தையும் நான் எழுதியிருந்தேன். ஒன்பதாம் கேள்வி, பிறரோடு பழகும் தன்மை. "பயணத்தில் பேசுவதில்லை" என்று.

"நீ செய்தது சரி" என்றார் அவர். "ஆனால் ஆறு மாதம் தனியாகச் சுமந்ததுதான் பிழை. வீட்டுப் பேரைச் சொல்லாமல், எனக்கு இப்பிடி ஒரு பாரம் இருக்கு எண்டாவது சொல்லியிருக்கலாம். அதுக்குத்தானே உனக்கு ஒரு துணைவரைத் தந்தது."

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மாணவியும் பார்த்தாள்.

"ஐயா எண்ணிக்கொண்டிருந்தவர், மிஸ்" என்றாள்.

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. குரலில் கோபமில்லை, குறையுமில்லை. நான் வேலையாக இருந்தேன், தொந்தரவு செய்ய அவளுக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். அவள் குத்திச் சொல்லியிருந்தால் நான் இதற்குள் மறந்திருப்பேன்.

பரிந்துரை போனது. அபிஷேக ஆராதனைக்கு வெருகலிலிருந்து வான் பிடித்து வந்தார்கள். தகப்பன் வரவில்லை, தாய் வந்தார். என்னைக் கண்டு கும்பிட்டு, "நீங்கள்தான் என்ர பிள்ளையை உருவாக்கினதாம்" என்றார். இல்லை என்று விளக்கப் போனேன். நீளமான விளக்கம். நடுவில் அவரை யாரோ படம் எடுக்கக் கூப்பிட்டுவிட்டார்கள். அவளை மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்துச் சபைக்கு நியமித்தார்கள். போவதற்கு முதல் நாள் வீட்டு வாசலுக்கு வந்து நின்றாள்.

"ஐயா, செவ்வாய்க்கிழமையில பாலையூற்றுக்கு ஆர் போறது?"

"போதகர் ஆரையாவது ஒழுங்குபண்ணுவார்தானே."

"அவர் உங்களைத்தான் கேட்டவர்."

"போதகரோ?"

"இல்லை, கிரேன் ஐயா. 'கிளாக்கரை வரச் சொல்லு, ஆனால் வாயை வீட்டில வைச்சிட்டு வரச் சொல்லு' எண்டவர்."

எனக்கு நோயாளி வீட்டில் சும்மா இருக்கத் தெரியாது, ஏலாது என்றேன். முழங்காலைச் சொன்னேன், பிரஷரைச் சொன்னேன், மாரி தொடங்குகிறது என்றேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு, ஜெபிக்கட்டோ ஐயா என்று கேட்டாள். ஓம் என்றேன். அது அரை நிமிடம்கூட இல்லை. மலைக்குப் போகிறவள் தனக்காக ஒன்றும் கேட்கவில்லை. இந்த ஐயாவுக்குப் பயமாக இருக்கிறது ஆண்டவரே, கூட இரும், என்று மட்டும் கேட்டாள்.

இப்போது ஏழு செவ்வாய்க்கிழமை போய்விட்டேன். அவரும் நானும் சன்னலுக்குப் பக்கத்தில் இருப்போம். குசினியில் அந்த அம்மா ஜெபிப்பது மெல்லக் கேட்கும். கதவை இப்போது சாத்துவதில்லை. முதல் நாள், வழியில் பார்த்ததை ஒழுங்காகச் சொன்னேன். கப்பல் நாலு, இழுவைப் படகு இரண்டு, தோணி பதினேழு.

"எண்ணிக்கை வேண்டாம் கிளாக்கர். அந்தப் பிள்ளை நிறம் சொல்லும்."

நிறம் எனக்கு ஞாபகமில்லை. நாலையும் எண்ணினேன், ஒன்றையும் பார்க்கவில்லை. இரண்டாம் கிழமையும் அப்படியே ஆனது. மூன்றாம் கிழமை வளைவில் ஓட்டோவை நிறுத்தச் சொன்னேன். சாரதி என்னைத் திரும்பிப் பார்த்தான். இறங்கி, குடையை ஊன்றிக்கொண்டு நின்றேன்.

"ஒரு கப்பல் சிவப்பு" என்று போய்ச் சொன்னேன்.

"பூச்சோ, துருவோ?"

"தெரியேல்லை."

"அடுத்த கிழமை வடிவாய்ப் பாத்திட்டு வாரும்" என்றார் அவர். இடக்கையால் என்னுடைய கதிரையைத் தன் பக்கம் கொஞ்சம் இழுத்தார்.